கந்தலில் சர்க்கரை கண்ட மேதை

(மூன்றாமாண்டு வேதியியல் மாணவர் ஒருவர் எழுதியது)

கரும்பைக் கடித்தால் இனிக்கும். பதநீரைப் பருகினால் இனிக்கும். கிழிந்துபோன கந்தல் துணியைக் கடித்தால் இனிக்குமா? மரத்தூளை வாயில் போட்டு மென்றால் இனிக்குமா? இனிக்காது. ஆயினும் கந்தலுக்குள்ளும் மரத்தூளுக்குள்ளும் சர்க்கரை மறைந்திருக்கிறது. அதுவும் எடைக்கு எடை பார்த்தால் கரும்பில் இருப்பதைக் காட்டிலும் மிகுதியாகவே இருக்கிறது! இந்த விந்தையை 1819-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியவர் ஒரு பிரெஞ்சு அறிஞர். ஹென்றி பிரகோனோ என்பது அவர் பெயர்.

செல்லுலோஸைப் பற்றிப் படிக்கும் வேதியியல் மாணவரும், காளானைப் பற்றிப் படிக்கும் தாவரவியல் மாணவரும், இறாலின் ஓட்டைப் பற்றிப் படிக்கும் விலங்கியல் மாணவரும் இந்தப் பெயரைப் பாடநூலில் ஏதோ ஒரு வரியில் கண்டு கடந்து போயிருப்பார்கள். நானும் அப்படித்தான் கடந்து போனேன். ஆய்வகத்தில் நான் செய்த ஒரு தவறுதான் என்னை அவரிடம் மீண்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே, அவருடைய வாழ்க்கையைச் சொல்லுமுன் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்கரையில் ஒரு கனவு

நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவன். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்கள் ஏரி. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் எங்கள் மக்கள் மீனையும் இறாலையும் நண்டையும் நம்பி வாழ்கிறார்கள். அங்கே குப்பைக்குப் பஞ்சமே இல்லை. ஏரி ஒதுக்கித் தள்ளும் பாசியும் கடற்புல்லும் கரையில் மக்கிக் கிடக்கும். பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்களின் வீட்டு வாசல்களில் ஓலை நறுக்குகள் குவிந்து கிடக்கும். சவுக்குத் தோப்புகளில் சருகு கணுக்கால் உயரத்துக்கு விழுந்து கிடக்கும்.

தாவரக் கழிவிலிருந்து எரிசாராயம் எடுக்கலாம் என்று வகுப்பில் படித்தோம். பெட்ரோலுடன் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் திட்டத்தைப் பற்றியும், 2022-ஆம் ஆண்டு அரியானாவின் பானிபட்டில் நெல் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் எத்தனால் எடுப்பதற்கென்று ஓர் ஆலை திறக்கப்பட்டதைப் பற்றியும் அறிந்தோம். என் மனத்தில் ஆசை முளைத்தது. வைக்கோலில் கிடைப்பது எங்கள் ஓலையிலும் பாசியிலும் கிடைக்காதா?

ஒரு சாக்கு நிறையக் கரைக்குப்பையை வாரி வந்தேன். உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, பேராசிரியர் உடனிருக்கக் கந்தக அமிலத்தால் நீராற்பகுத்தேன். பின் அமிலத்தை முறித்து, நம் எல்லோருக்கும் பழக்கமான ஃபெலிங் கரைசலைக் கொண்டு தரம் பார்த்தேன். நீலம் மறைந்து செங்கல் நிற வீழ்படிவு விழுந்தது. கணக்குப் போட்டேன். எதிர்பார்த்ததைவிட அதிகமான சர்க்கரை! அன்று மாலையே ஊருக்குப் போய், நம் குப்பையெல்லாம் இனிக் காசாகப் போகிறது என்று அம்மாவிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன். அவர்களும் நம்பினார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

பேராசிரியர் மட்டும் நம்பவில்லை. அந்தக் கரைசலில் ஈஸ்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். சிறிது நேரம் குமிழ் வந்தது, பிறகு அடங்கிவிட்டது. மறுபடி ஃபெலிங் கரைசலால் சோதித்தால், நான் கண்ட ‘சர்க்கரை’யில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. உப்பு மிஞ்சியிருந்து ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டதோ என்று ஐயுற்றேன். பேராசிரியர் ஒரு கரண்டி குளுக்கோஸை அதே குடுவையில் போடச் சொன்னார். உடனே நுரை பொங்கியது. ஈஸ்ட் உயிரோடுதான் இருந்தது. தவறு ஈஸ்ட்டிடம் இல்லை; என் அளவையில் இருந்தது. பிரகோனோவின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா, காரணம் உனக்கே விளங்கும் என்று சொல்லி அவர் போய்விட்டார். படித்தேன். விளங்கியது.

மருந்துக் கடையில் வளர்ந்த மாணவர்

பிரகோனோ 1780-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், கிழக்குப் பிரான்சின் லொரேன் பகுதியில் கொமெர்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஆனால் மகன் சிறுவனாக இருக்கும்போதே தந்தை மறைந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. பதின்மூன்று வயதில் அவரை நான்சி நகரில் ஒரு மருந்துக் கடையில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள்.

அது பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பு அடங்காத காலம். எங்கும் போர். பதினைந்தாம் வயதில் அவர் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து இராணுவ மருத்துவமனையில் மருந்தாளுநர் பணிக்குச் சென்றார். காயம்பட்ட வீரர்களுக்கு மருந்து கலந்த கைகளே பிற்காலத்தில் உலகம் வியக்கும் சோதனைகளைச் செய்தன. 1801-இல் பாரிசுக்குச் சென்று, ஃபூர்குரோவா போன்ற பேரறிஞர்களின் விரிவுரைகளைக் கேட்டார். பாரிசின் பகட்டு அவரைப் பிடித்து வைக்கவில்லை. நான்சிக்கே திரும்பினார். 1807-இல் அந்நகரத்துத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சாகும்வரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள், அந்தப் பூங்காவை விட்டு அவர் அகலவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. மேடையேறிப் பேசுவதில் நாட்டமில்லாத, ஒதுங்கி வாழும் இயல்பினர். அவருடைய சுற்றமெல்லாம் செடி கொடிகளும் சோதனைக் குடுவைகளுமே.

தலைநகரத்தில் இருந்தால்தான் பெரிய ஆராய்ச்சி செய்யலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிரகோனோ தலைநகரத்துக்கு வெளியே அமர்ந்துகொண்டு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு வழுக்கலும் ஒரு வெற்றியும்

அவருடைய முதற்கால ஆராய்ச்சிகளில் ஒன்று தவறான முடிவில் முடிந்தது. கந்தகப் பொடி, ஈயக் குண்டுகள், மணல் ஆகியவற்றில் விதைகளை முளைக்க வைத்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி வளர்த்தார். வளர்ந்த செடிகளை எரித்துச் சாம்பலைப் பார்த்தபோது பொட்டாசியம் முதலிய பொருள்கள் இருந்தன. செடிகள் இவற்றைத் தாமே உண்டாக்கிக் கொள்கின்றன என்று அவர் முடிவு கட்டினார். 1842-இல் வீக்மன், போல்ஸ்டார்ஃப் என்ற இரு ஜெர்மானியர்கள் துல்லியமான சோதனைகளால் அந்த முடிவு தவறென்று காட்டினார்கள். செடி எதையும் புதிதாகப் படைக்கவில்லை. மண்ணிலோ நீரிலோ இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறது. நாம் தூய்மையானது என்று எண்ணும் பொருளில் வேறொன்று கலந்திருந்தால் அளவை பொய்த்துவிடும். இந்தப் பாடம் எனக்கும் தேவைப்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து வந்தது வெற்றி. 1811-இல் காளான்களை எடுத்துக்கொண்டு, காரத்தில் காய்ச்சி, கரைவதையெல்லாம் கரைத்தெடுத்தார். எஞ்சி நின்ற வெண்மையான பொருள் மரத்தின் நாரைப் போலத் தோன்றினாலும் மரநார் அன்று. அதற்குக் காளானின் பெயரையொட்டி ‘ஃபங்கின்’ என்று பெயரிட்டார். 1823-இல் ஓதியே என்னும் பிரெஞ்சுக்காரர் பூச்சிகளின் ஓட்டிலும் இத்தகைய பொருளைக் கண்டு ‘கைட்டின்’ என்றழைத்தார். இன்று உலகம் வழங்குவது அந்தப் பெயரைத்தான். எங்கள் ஏரியின் இறாலும் நண்டும் அணிந்திருக்கும் கவசம் இந்தக் கைட்டின்தான். ஆம், நான்சியில் காளானை ஆராய்ந்தவருக்கும் பழவேற்காட்டில் இறால் உரிப்பவருக்கும் உறவு இப்படித் தொடங்குகிறது!

கந்தலும் கந்தக அமிலமும்

அப்போது ஐரோப்பாவில் சர்க்கரை ஓர் அரசியல் பொருளாகியிருந்தது. 1806-இல் நெப்போலியன் இங்கிலாந்தோடு எவரும் வாணிகம் செய்யலாகாது என்று தடை விதித்தான். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கரும்புச் சர்க்கரை அரிதாயிற்று. பீட்கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் முயற்சிகள் பெருகின. 1811-இல் இரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ஹோஃப் என்பவர் மாவுப்பொருளை நீர்த்த கந்தக அமிலத்தோடு கொதிக்க வைத்துச் சர்க்கரைப்பாகு ஆக்கினார். மாவு சர்க்கரையாகலாம் என்றால் மரம் ஏன் ஆகக்கூடாது?

பிரகோனோ அதைச் செய்து பார்த்தார். கந்தல் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அடர் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி, சூடேறாமல் குழைத்தார். துணி கரைந்து பிசின் போலாயிற்று. அதனோடு நிறைய நீரைச் சேர்த்துப் பல மணி நேரம் கொதிக்க வைத்தார். சுண்ணாம்புத் தூளைப் போட்டு அமிலத்தை முறித்தார். வீழ்ந்த ஜிப்சத்தை வடிகட்டி, தெளிந்த நீரை வற்றவைத்தார். இனிப்பான பாகு கிடைத்தது. நாளடைவில் அதில் படிகங்கள் தோன்றின. மரத்தூளையும் இவ்வாறே சர்க்கரையாக்கினார்.

எடை போட்டுப் பார்த்தபோது இன்னொரு வியப்பு. ஒரு பவுண்டு கந்தலிலிருந்து ஒரு பவுண்டுக்கும் மேற்பட்ட சர்க்கரை கிடைத்தது! கொடுத்ததைவிடக் கூடுதலாக வருவது எப்படி? இன்று நமக்கு விடை தெரியும். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. மாலையில் ஒவ்வொரு மணியின் நிறை 162. மாலை அறுந்து மணி தனியாகும்போது 18 நிறையுள்ள ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர்கிறது. மணி 180 ஆகிறது. ஆகவே 100 கிராம் தூய செல்லுலோஸ் 111 கிராம் குளுக்கோஸைத் தரவேண்டும். மூலக்கூற்று அமைப்பு எதுவும் அறியப்படாத காலத்தில், செல்லுலோஸ் என்ற பெயரே பிறப்பதற்கு முன்னால், தராசு காட்டியதை அவர் தயங்காமல் எழுதி வைத்தார். செல்லுலோஸ் என்ற சொல்லைப் பாயேன் என்பவர் தந்தது அதற்குப் பின்னர்தான்.

அவருடைய வழிமுறை இன்றும் சாகவில்லை. தாவரக் கழிவில் எவ்வளவு சர்க்கரை அடங்கியிருக்கிறது என்று அளக்க இன்றைய ஆய்வகங்கள் கையாளும் முறை இது: முதலில் 72 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தில் 30 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம், பின்பு நீர் சேர்த்து 4 விழுக்காடாக்கி 121 பாகையில் ஒரு மணி நேரம். முதலில் அடர் அமிலத்தில் குழைத்தல், பிறகு நீர்த்துக் கொதிக்க வைத்தல். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நான்சியில் நடந்ததும் இதுதானே!

இனிப்பதெல்லாம் சர்க்கரை அன்று

துணியைச் சர்க்கரையாக்கிய அமிலம் மற்றப் பொருள்களை என்ன செய்யும்? மறு ஆண்டு, 1820-இல், எலும்பிலும் தோலிலும் கிடைக்கும் ஜெலட்டினை அதே முறையில் கொதிக்க வைத்தார். மீண்டும் படிகங்கள், மீண்டும் இனிப்பு! ‘ஜெலட்டின் சர்க்கரை’ என்று பெயர் வைத்தார். தசையையும் கம்பளியையும் இவ்வாறே சோதித்தபோது வேறொரு வெண்ணிறப் பொருளைக் கண்டு ‘லூசின்’ என்று பெயரிட்டார்.

ஆனால், ஜெலட்டின் சர்க்கரையில் ஒரு புதிர் இருந்தது. ஈஸ்ட்டைப் போட்டால் அது நொதிக்கவில்லை. தாம் சர்க்கரை என்று பெயரிட்ட பொருள் சர்க்கரையைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நொதிக்கவில்லை என்றே பதிவு செய்தார். பின்னால் வந்தவர்கள் அதில் நைட்ரஜன் இருப்பதைக் கண்டார்கள். அது சர்க்கரையே அன்று, அமினோ அமிலம். இன்று அதன் பெயர் கிளைசின். வைத்த பெயர் தவறாயிற்று. எழுதிய சோதனை சரியாக நின்றது. புரதங்களின் வேதியியலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் என்ற புகழ் அவரை வந்தடைந்ததற்கு இந்தப் படிகங்களே காரணம்.

இதோடு அவர் ஓயவில்லை. 1825-இல் பழங்களைக் கூழாக உறைய வைக்கும் பெக்டினை இனங்கண்டார். 1833-இல் மாவுப்பொருளை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து எளிதில் தீப்பற்றும் ‘சைலாய்டின்’ என்ற பொருளை ஆக்கினார். 1846-இல் ஷோன்பைன் கண்ட வெடிபஞ்சுக்கு அது முன்னோடி. 1855-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள், தம் எழுபத்து நான்காம் வயதில், நான்சியிலேயே அவர் மறைந்தார். அந்நகரில் ஒரு தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்த பிறகும் கந்தலின் கதை தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் இற்றுப்போயின. காரணம் ஒரு பூஞ்சை. செல்லுலோஸைக் குளுக்கோஸாக அறுக்கும் நொதிகளை அது சுரந்துகொண்டிருந்தது. பிரகோனோ அமிலத்தால் செய்ததைப் பூஞ்சை அமைதியாகச் செய்தது! டிரைக்கோடெர்மா என்ற அந்தப் பூஞ்சையின் வழிவந்த வகைகளே இன்று தாவரக் கழிவை எரிசாராயமாக்கும் தொழிலுக்கு நொதிகளைத் தருகின்றன.

என் குடுவைக்குள் இருந்தது என்ன?

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். ஃபெலிங் கரைசல் சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை. ஒடுக்கும் தன்மையுள்ள எதைக் கண்டாலும் அது நிறம் மாறும். பனையோலையில் செல்லுலோஸோடு ஹெமிசெல்லுலோஸும் இருக்கிறது. அது அறுந்தால் சைலோஸ் முதலிய சர்க்கரைகள் வரும். சைலோஸ் ஃபெலிங் கரைசலை ஒடுக்கும். ஆனால் சாதாரண ஈஸ்ட் அதை நொதிக்க வைக்காது. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் என் சாக்கிலேயே இருந்தது. கரையிலிருந்து வாரி வந்த பாசியில் இறால் தோடும் நண்டு ஓடும் கலந்திருந்தன. பொடியாக்கியபோது நான் அவற்றைப் பொறுக்கி எறியவில்லை. அவற்றிலுள்ள கைட்டின் அமிலத்தில் அறுந்தால் குளுக்கோசமைன் வரும். அதுவும் ஃபெலிங் கரைசலை ஒடுக்கும். அதிலும் நைட்ரஜன் உண்டு. அதுவும் ஈஸ்ட்டுக்கு உதவாது. காளானில் பிரகோனோ கண்ட பொருள் என் கணக்கை உயர்த்திக் காட்டியது. ஜெலட்டின் சர்க்கரையில் அவர் சந்தித்த புதிர் என் குடுவையிலும் வந்து அமர்ந்திருந்தது. அவர் அதை எழுதி வைத்தார். நானோ சோதிப்பதற்கு முன்னே ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

பேராசிரியர் துணையோடு மீண்டும் தொடங்கினேன். ஓடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். ஓலையைத் தனியாகவும் பாசியைத் தனியாகவும் அளந்தேன். ஃபெலிங் கரைசல் தந்த எண்ணோடு நில்லாமல் நொதிக்க வைத்தும் பார்த்தேன். 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் உண்டாகும். வாயு வெளியேற வெளியேறக் குடுவையின் எடை குறையும். எவ்வளவு குறைகிறதோ அதிலிருந்து நொதித்த சர்க்கரையைக் கணக்கிடலாம். எரிசாராயத்துக்கு உதவும் சர்க்கரை அதுதான். அந்த எண், நான் முதலில் ஊரில் சொன்ன எண்ணில் பாதிக்கும் குறைவு. அமிலத்துக்கும் அடுப்புக்கும் ஆகும் செலவை அதன் எதிரே வைத்தால், எங்கள் கரைக்குப்பை உடனே காசாகப் போவதில்லை.

இதை ஊரில் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கினேன். ஒரு நாள் அம்மா இறாலைக் கூடையில் வைத்து நீரை வடியவிட்டுக் கொண்டிருந்தார். நீர் வடியாமல் தராசில் ஏற்றினால் எடை கூடும். ஆனால் அந்த எடைக்கு வியாபாரி இரண்டாம் முறை வரமாட்டான். நான் என் தவற்றைச் சொன்னேன். நீரோடு நிறுத்துவிட்டாய், வடியவிட்டு மறுபடி நிறு என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அம்மா தம் வேலையைப் பார்த்தார். மூன்றாண்டு வேதியியல் எனக்குச் சொல்லித் தந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

தோழர்களே! எங்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறைப்படி சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதை நம்பித்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. சீட்டு பொய்த்தால் ஊர் பொறுக்காது. அறிவியலின் அளவையும் அத்தகையதே. கழிவிலிருந்து செல்வம் என்ற செய்தி எளிய மக்களின் காதில் விழும்போது அது வெறும் செய்தியாக இருப்பதில்லை, நம்பிக்கையாகி விடுகிறது. நம்பிக்கையை அளந்து கொடுக்க வேண்டியவர்கள் படித்த நாம்.

பனையோலையில் சர்க்கரை இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. சைலோஸையும் நொதிக்க வைக்கும் ஈஸ்ட் வகைகளை அறிஞர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். இறால் தோட்டின் கைட்டினுக்கும் தனியே மருந்துத் தொழிலில் பயனுண்டு. ஆராய வேண்டியது இன்னும் ஏராளம். கந்தலில் சர்க்கரை கண்டவர் மேதை. தாம் கண்ட இனிப்பு நொதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்தாரே, அதனால் அவர் நமக்கு ஆசிரியரும் ஆகிறார். அடுத்த முறை ஆய்வகத்தில் நீலம் மறைந்து செந்நிறம் படியும்போது, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுமுன் நான்சி நகரத்துப் பூங்காக்காரரை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள்.